செஞ்சியில் பொண்ணு பார்ப்பது எப்படி?

போன வாரம் ஒரு கனவு. ராஜகிரி மலை உச்சியிலேர்ந்து நான் குதிரையில இறங்கி வர்றேன். (அந்தப் படிக்கட்டுல குதிரை எப்படி இறங்கும்னு கேக்கப்படாது. கனவுக்கெல்லாம் இன்ஜினியரிங் டிராயிங் கிடையாது.) முதுகுல லேப்டாப் பை. பின்னாடி ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. தோள் மேல கை இருக்கு, வளையல் சத்தம் கேக்குது, முகம் மட்டும் தெரியல. எங்கிருந்தோ இளையராஜா வயலினா இழைச்சுக்கிட்டு இருக்கார். ஆஹா, வாழ்க்கைன்னா இதுதான்டான்னு நெனைக்கிற நேரத்துல குதிரை கழுத்தைத் திருப்பிக் கேக்குது:

"நேத்து என்ன முடிச்ச? இன்னிக்கு என்ன பண்ணப் போற? எங்கயாவது மாட்டிக்கிட்டு நிக்கிறியா?"

தினமும் காலைல பத்து மணிக்கு எங்க டீம் கால்ல கேக்குற அதே மூணு கேள்வி! அடிச்சுப் புடிச்சு எழுந்து பார்த்தா மணி ஒன்பது அம்பத்தி எட்டு. ஆயா கட்டில்கிட்ட நின்னுக்கிட்டு, "இன்னாடா தூக்கத்துல 'மாட்டிக்கினேன் மாட்டிக்கினேன்'னு சொல்லிக்கினு கெடக்குற?"ன்னாங்க. கனவைச் சொன்னேன். குதிரையைக் கனவுல கண்டா கல்யாணம் கூடி வருதுன்னு அர்த்தமாம். ஆயாவோட கனவு சாஸ்திரத்துல பாம்பு வந்தாலும் கல்யாணம், பல்லு விழுந்தாலும் கல்யாணம். போன வருஷம் கனவுல இன்கம் டாக்ஸ் நோட்டீஸ் வந்துச்சுன்னு சொன்னேன், அதுக்கும் இதே பலன்தான்.

அடியேனைப் பத்தி ரெண்டு வரி. வயசு இருபத்தெட்டு. படிச்சது மெக்கானிக்கல், பண்றது சாஃப்ட்வேர். ஆபீஸ் சென்னையில, மாசத்துல ரெண்டு வாரம் அங்க போய் முகத்தைக் காட்டணும். மிச்ச ரெண்டு வாரம் செஞ்சியில, எங்க வீட்டு நடு ரூம்ல, நெல்லு மூட்டைக்குப் பக்கத்துல மேஜை போட்டு உக்காந்திருப்பேன். வெள்ளிக்கிழமை எங்க ஊர் வாரச் சந்தை. விடியறதுக்கு முன்னாடியே ஆடு வியாபாரம் களைகட்டிடும். வித்த ஆட்டை ஏத்திக்கிட்டு மினி லாரிங்க எங்க தெரு வழியா போறப்பதான் கரெக்டா எனக்கு கிளையண்ட் மீட்டிங் வரும். மியூட் போட மறந்து, "அந்தக் கருத்தைச் சொன்னது யாரு?"ன்னு மேனேஜர் கேட்ட சம்பவமும் உண்டு. ஆடுன்னு சொல்ல முடியுமா? நான்தான் சொன்னேன்னுட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ரெண்டு வருஷமா எனக்குப் பொண்ணு பாக்குறாங்க. இதுவரைக்கும் அஞ்சு வீடு. அஞ்சு வீட்லயும் அதே கேசரி, அதே வாழைக்கா பஜ்ஜி. அதே மாமா அதே சோஃபாவுல உக்காந்து "பையன் எந்த கம்பெனி, ஆன்சைட் வருமா?"ன்னு கேப்பார். கடைசியா யாராவது ஒருத்தர் பெரிய மனசு பண்ணி, "இந்தக் காலத்துப் புள்ளைங்க, தனியா ரெண்டு வார்த்தை பேசிக்கட்டுமே"ம்பார். உடனே எங்க ரெண்டு பேரையும் மொட்டை மாடிக்கு அனுப்புவாங்க. தண்ணி டேங்க்குக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவங்க. மாடிப்படியில சின்னப் பசங்க நாலு பேர், பக்கத்து வீட்டு மாடியில துணி காயப்போடுற சாக்குல ஒரு அத்தை. ஏழு நிமிஷம். "என்ன படிச்சிருக்கீங்க?" (பயோடேட்டாவுல இருக்கு.) "ஹாபீஸ்?" "மியூசிக் கேப்பேன்." "நானும்." கீழேர்ந்து "காபி ஆறுது"ன்னு குரல். முடிஞ்சது.

இப்ப சொல்லுங்க மக்களே, நான் கேக்குறது தப்பா? ரெண்டு வருஷம் இருந்துட்டு ஓடிப்போகப் போற வேலைக்கு அஞ்சு ரவுண்டு இன்டர்வியூ வைக்கிறான். இங்க நாப்பது அம்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழ இருக்கப் போறவங்களுக்கு தண்ணி டேங்க் பக்கத்துல ஏழு நிமிஷம். அதுலயும் ஒரு நிமிஷம் "வெயில் அதிகமா இருக்குல்ல"வுக்குப் போயிடுது.

"அப்ப வெளில எங்கயாவது போய்ப் பேசு, யாரு வேணாம்னா?"ன்னு சென்னை நண்பன் கேக்குறான். அவனுக்கு என்ன தெரியும் பாவம். சென்னையில பீச் இருக்கு, மால் இருக்கு, இருநூத்தம்பது ரூபாய்க்கு ஒரு காபி வாங்கி மூணு மணி நேரம் உறிஞ்சலாம். செஞ்சியில எங்க போய் உக்கார்றது? பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் எங்க அப்பாவோட கிளாஸ்மேட். பேக்கரியில உக்காந்தா பப்ஸ் தட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அம்மாகிட்டேர்ந்து போன் வந்துடும். கோயில்ல பேசலாம்னா, சாமி கும்புட வர்ற பாதிப் பேர் எனக்குப் பெரியம்மா முறை. ரயில்வே ஸ்டேஷன் இருந்தாலாவது பிளாட்ஃபாரம் டிக்கெட் வாங்கிட்டுப் போய் பெஞ்சுல உக்காரலாம். அது செஞ்சிக்கு இல்ல. திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவுல நம்ம ஊர் வழியா ரயில் பாதைன்னு நான் மூணாங்கிளாஸ் படிக்கிறப்பவே சொன்னாங்க. அதுவும் என் கல்யாணமும் ஒரே வேகத்துலதான் போய்க்கிட்டு இருக்கு.

பாண்டிச்சேரி போகலாம். கல்லூரி படிக்கிறப்ப எங்க செட்டுல காதலிச்சவன் எல்லாம் பஸ் ஏறி அங்கதான் போவான். அங்க பீச்ல காந்தி சிலையைச் சுத்தி உசரமா கருங்கல் தூண் நிக்குதே, பார்த்திருப்பீங்க. அதெல்லாம் எங்க ஊர்த் தூணுங்க. 1750ல பிரெஞ்சுக்காரங்க செஞ்சியைப் புடிச்சதுக்கப்புறம் இங்கிருந்து பேத்துக்கிட்டுப் போனது. செஞ்சிப் பசங்க செஞ்சித் தூணுல சாஞ்சு காதலிக்க அறுபது எழுவது கிலோமீட்டர் பஸ்ஸுல போக வேண்டியிருக்கு. இதை விடக் கொடுமை எங்கயாவது உண்டா?

மிச்சம் இருக்குறது ஒண்ணே ஒண்ணுதான். கோட்டை.

செஞ்சிக்கோட்டையைப் பத்தி நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை. மூணையும் சேர்த்து வளைச்சுச் சுமார் பதிமூணு கிலோமீட்டருக்கு மதில். ராஜகிரி மட்டும் 800 அடி உசரம். 1677ல சிவாஜி புடிச்சார். அவர் மகன் ராஜாராம் உள்ள உக்காந்துக்க, அவுரங்கசீப்போட படை வெளில எட்டு வருஷம் போல காத்துக்கிடந்து, 1698லதான் உள்ள நுழைய முடிஞ்சது. எட்டு வருஷம்! எங்க கம்பெனியில எட்டு வாரத்துக்கு மேல ஒரு புராஜெக்ட் இழுத்தா மூடிட்டுப் போயிடுவான். அப்புறம் நவாப்பு, பிரெஞ்சு, 1761ல வெள்ளைக்காரன். 2025 ஜூலையில யுனெஸ்கோவே வந்து, மராட்டியர் கோட்டைங்க பன்னெண்டை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தப்ப, தமிழ்நாட்டுலேர்ந்து அதுல இருக்குற ஒரே கோட்டை எங்களோடதுதான். அன்னிக்கு எங்க ஊர்ல பட்டாசு வெடிக்காத குறை.

இவ்வளவு பெரிய கோட்டைக்குள்ள ரெண்டு பேர் மரத்தடியில உக்காந்தாதான் ஊருக்குப் பொறுக்காது. "கோட்டைக்கா? அங்க எல்லாம் ஜோடி ஜோடியா உக்காந்திருக்கும், குடும்பத்தோட போக முடியாது"ன்னு சொல்ற பெருசுங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. எனக்கு ஒண்ணு புரியல. குடும்பம்னா என்னங்க? ரெண்டு பேர் உக்காந்து பேசுறதுலதானே அது ஆரம்பிக்குது? முந்நூறு ஏக்கர் சண்டைக்குன்னு கட்டி வச்ச எடத்துல ரெண்டு பேர் சண்டை போடாம உக்காந்திருந்தா அது நல்ல சேதி இல்லையா? (ஏக்கர் கணக்கு குத்துமதிப்பு. சண்டை போடாமன்னு சொன்னதும் குத்துமதிப்புதான்.)

ஆனா ஒரு விஷயத்துல பெருசுங்க கட்சிதான் நான். சுவத்துல பேர் கிறுக்குறது. கல்யாண மஹால் சுண்ணாம்புப் பூச்சுலயும் களஞ்சியத்துச் சுவத்துலயும் ஆணியால கீறி வச்சிருப்பாங்க பாருங்க, ஹார்ட்டு, அம்பு, ரெண்டு எழுத்து. அந்த ஹார்ட்டுக்காரங்க பாதிப் பேர் இன்னிக்கு வேற வேற வீட்ல வேற வேற ஆளோட இருப்பாங்க. கீறல் மட்டும் அப்படியே இருக்கும். இதைப் பத்தி நான் நெறைய பேர்கிட்ட ஆவேசமா லெக்சர் கொடுத்திருக்கேன். இந்த லெக்சரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

தை மாசம் ஆறாவது ஜாதகம் வந்துச்சு. பொண்ணு மேல்மலையனூர் பக்கம் ஒரு கிராமம், திண்டிவனத்துல லேப் டெக்னீஷியன். அப்பா விவசாயம், மல்லாட்டையும் நெல்லும். பொருத்தம் எட்டுன்னாங்க. போட்டோ பார்த்தேன். (போட்டோவைப் பத்தி இங்க எதுவும் எழுதுறதா இல்லை, எங்க அம்மா படிப்பாங்க.) இந்த தடவை நான் ஒரே புடியா நின்னுட்டேன். பஜ்ஜிக்கு முன்னாடி பேசணும், தண்ணி டேங்க் இல்லாத எடத்துல பேசணும். அம்மா ஒரு வாரம் என்கிட்ட பேசல. ஆயாதான் "பேசட்டுமே, இன்னா இப்ப? ஆட்ட வாங்குறவன் கூட பல்லப் புடிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்குறான்"னாங்க. உவமை சரியில்லதான், ஆனா காரியம் ஆச்சு. அவங்க வீட்லயும் எப்படியோ ஒத்துக்கிட்டாங்க. எடம் எதுன்னு கேட்டதுக்கு பதில் அந்தப் பக்கத்துலேர்ந்துதான் வந்துச்சு. "கோட்டை. ஞாயித்துக்கிழமை காலைல. தங்கச்சி கூட வருவா."

வந்தாங்க. தங்கச்சி வாசல்லயே, "நான் ஆனைக்குளத்தாண்ட இருக்கேன், பொறுமையா வாங்க"ன்னு போனைத் தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு. இந்த மாதிரி ஒரு தங்கச்சி எல்லாருக்கும் வாய்க்கணும்.

முதல் பத்து நிமிஷம் தண்ணி டேங்க் லெவல்தான். வெயில் அதிகமா இருக்குல்ல, ஆமா அதிகமா இருக்கு. அப்புறம் மியூசிக் வந்துச்சு. நான் வழக்கம்போல, "ராஜா வெறியன்ங்க நான்"னேன்.

"எந்த ராஜா? தேசிங்கா?"

கோட்டைக்குள்ள நின்னுக்கிட்டு இப்படிக் கேட்டா என்ன சொல்றது? "ரெண்டு பேரும்தான்"னு சமாளிச்சேன். சமாளிச்சதோட விட்டிருக்கலாம். தேசிங்கு கதையை அவங்களுக்கே எடுத்து விட ஆரம்பிச்சேன். அடங்காத பாராசாரிக் குதிரையை அடக்கினது, ஆற்காட்டு நவாபு கப்பம் கேட்டு வந்தது, கல்யாணப் பந்தல்லேர்ந்தே நண்பன் முகமது கான் நீலவேணிக் குதிரை மேல ஏறி சண்டைக்கு ஓடி வந்தது. (எனக்கும் நண்பர்கள் இருக்காங்க. வீடு மாத்த ஒரு கை கொடுடான்னு கூப்பிட்டா, "மீட்டிங்ல இருக்கேன் மச்சி".) 1714ல தேசிங்கு சண்டையில செத்தப்ப வயசு இருபத்திரண்டுதான்னு சொல்வாங்க. என்னை விட ஆறு வயசு சின்னவன். 1960ல எம்.ஜி.ஆர். நடிச்சுப் படம் வந்தது வரைக்கும் சொல்லிட்டு மூச்சு வாங்குனேன்.

எல்லாத்தையும் கேட்டுட்டு அவங்க சொன்னாங்க: "ரெண்டு குதிரைக்கும் பேர் சொன்னீங்க. அவன் பொண்டாட்டி பேரு?"

ஙே!

"ராணிபாய்னு சொல்வாங்க. அதாவது ராணி. அது பேரா? வேலையா?"

அப்புறம் அவங்களே, "அந்தப் பொண்ணு தீயில விழுந்ததும் நவாபு மனசு எளகி ஒரு ஊருக்கே ராணிப்பேட்டைன்னு பேர் வச்சானாம். 2019ல அது தனி மாவட்டமே ஆயிடுச்சு. ஒரு மாவட்டமே அவ பேர்ல இருக்கு, அவ பேருதான் அதுல இல்ல"ன்னாங்க.

எனக்கு அது வரைக்கும் இது தோணுனதே இல்ல. இந்த ஊர்ல பொறந்து, நூறு தடவை இந்தக் கதையைக் கேட்டு, குதிரை கலரு வரைக்கும் சண்டை போட்டிருக்கேன். அந்தப் பொண்ணு பத்து மாசம் ராணியா இருந்தப்ப யாருகூட உக்காந்து பேசியிருக்கும், எதைப் பத்திப் பேசியிருக்கும்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல.

வெயிலுக்கு ஒதுங்கி களஞ்சியம் பக்கம் போனோம். அங்கதான் வச்சாங்க ஆப்பு. அவங்க சுவத்தைப் பார்த்துக்கிட்டே நின்னவங்க, "இது உங்க பேருதானே? கீழ பத்தாவது பி-ன்னு போட்டிருக்கு?"ன்னாங்க.

மறந்தே போயிருந்தேன் சாமி! பத்தாவது படிக்கிறப்ப ஸ்கூல் டூர்ல, காம்பஸ் முள்ளால கீறினது. எல்லாப் பயலும் ஒரு ஹார்ட்டு, அம்பு, ரெண்டு பேருன்னு கிறுக்குறான். எனக்கு யாரும் இல்ல. மானத்தைக் காப்பாத்திக்க என் பேரு, ஹார்ட்டு, அம்பு எல்லாம் போட்டு, அம்புக்கு அந்தப் பக்கத்தைக் காலியா விட்டுட்டேன். பின்னாடி நிரப்பிக்கலாம்னு. தொலைநோக்குப் பார்வை.

"இந்த அம்பு எங்க போகுது?"ன்னு கேட்டாங்க, சிரிக்காம.

உலகப் பாரம்பரியச் சின்னம், சுண்ணாம்புப் பூச்சு, எதிர்காலத் தலைமுறைன்னு நான் கொடுத்த லெக்சரெல்லாம் கண்ணு முன்னாடி வந்துட்டுப் போச்சு. "சின்ன வயசு..."ன்னு இழுத்தேன். "தப்புதான்"னும் சொன்னேன். "ம்"னாங்க. அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம்னு இன்னும் ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருக்கு.

அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சு இல்ல. ஒரு கல்லு மேல உக்காந்தோம். அவங்கதான் ஆரம்பிச்சாங்க.

"உங்க வீட்ல எங்க தாத்தா விவசாயம்னு சொல்லியிருப்பாங்க."

"ஆமா."

"விவசாயம் பண்ணாருதான். ஆனா அவர் முகவீணைக்காரர். கூத்து ஜமாவுல நாப்பது வருஷம் வாசிச்சார். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு வீட்ல சொல்லி அனுப்பியிருக்காங்க. கூத்தாடிக் குடும்பம்னு நெனைச்சுப்பீங்களாம். இதுக்கு முன்னாடி ஒரு எடம் அதுலதான் தட்டிப் போச்சு. எனக்கு ஒளிச்சு வச்சுட்டு வர முடியாது. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

முகவீணை பார்க்காதவங்களுக்கு: நாகஸ்வரத்தோட குட்டித் தம்பி மாதிரி இருக்கும், முழு நீளம் ஒரு முழத்துக்குக் கம்மி. சத்தம் மட்டும் அடுத்த ஊரை எழுப்பிடும். ஆர்மோனியம், மத்தளம், தாளம் எல்லாத்துக்கும் மேல ஏறிக் கீச்சுன்னு ஒரு கோடு போடும். வேஷக்காரர் பாடி விட்டதைப் புடிச்சுக்கிட்டு ராத்திரி பத்து மணியிலேர்ந்து விடியற வரைக்கும் மூச்சு விடாம வாசிக்கணும். எங்க பக்கத்துல திரௌபதி அம்மன் திருவிழான்னா பகல்ல பாரதம் படிப்பாங்க, ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசுல உசரமா நட்ட மரத்துல வேஷம் கட்டினவர் ஏறுவார். கடைசி நாள் படுகளம், தீமிதி. பழைய செஞ்சின்னு சொல்ற மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயில்தான் இதுக்கெல்லாம் மூலம்னு சொல்வாங்க. ஆல்ஃப் ஹில்டபீட்டல்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் இங்க வந்து ஊர் ஊரா உக்காந்து கூத்துப் பார்த்து, 1988ல செஞ்சி பேரைத் தலைப்புலயே போட்டுப் பெரிய புத்தகம் எழுதினார். அமெரிக்காக்காரருக்கு அது ஆராய்ச்சி. நமக்கு "கூத்தாடி" ஒரு கெட்ட வார்த்தை.

நான் என்ன சொன்னேன்? உண்மையைத்தான். "எனக்கு அதுல ஒண்ணும் இல்லைங்க. ஆனா நான் ஒரு கூத்தையும் முழுசா பார்த்ததில்ல. கட்டியங்காரன் வந்து சிரிக்க வைக்கிற வரைக்கும் முழிச்சிருப்பேன், அப்புறம் ஆயா மடியில தூங்கிடுவேன்."

"எங்க தாத்தா சொல்லும்" - முகம் அப்பதான் கொஞ்சம் இளகுச்சு - "மூணு மணிக்கு மேல முழிச்சிருக்குறவன்தான் கூத்துப் பாக்க வந்தவன், மத்தவன்லாம் காத்து வாங்க வந்தவன்னு."

இந்த நேரம் பார்த்து வில்லன் என்ட்ரி. வாக்கிங் வந்த ஒரு பெரியவர், தலையில துண்டு, கையில குச்சி. "கோட்டைக்கு வர்றது இதுக்குத்தானா? அப்பா அம்மா சம்பாதிச்சுப் படிக்க அனுப்புனா இங்க வந்து உக்காந்துக்குறது!" எனக்கு இருபத்தெட்டு வயசுங்க, பி.எஃப். கூட புடிக்கிறாங்கன்னு சொல்ல வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்க எழுந்து நின்னு, "பெரியப்பா, நான் மாப்பிள்ளை பாக்க வந்திருக்கேன்"னாங்க.

பெரியவருக்குக் குச்சி நழுவுச்சு. ஆனா ஊருக்குன்னு ஒரு சட்டம் இருக்கே, உடனே "எந்த ஊரு? யார் வூட்டுப் புள்ள?" ஊரைச் சொன்னாங்க. தாத்தா பேரையும் சொன்னாங்க, சத்தமா. பெரியவர் எங்களுக்கு எதிர்லயே கல்லுல உக்காந்துட்டார். "முகவீணைக்காரர் பேத்தியா நீ? யம்மா, அவர் துரியோதனன் களரிக்கு வாசிச்சார்னா பொம்பளைங்க கூட அழுதுகினே நிப்பாங்களே. நாங்க சைக்கிள்ல டபுள்ஸ் மிதிச்சுப் போவோம்." அப்புறம் அரைமணி நேரம் அவரே பேசினார். எந்த ஊர்ல எந்த வருஷம் மழை வந்து கூத்து நின்னது, யாரு கர்ணன் கட்டுனா எடுக்கும், எல்லாம். எங்களுக்குக் கெடைச்ச ரெண்டு மணி நேரத்துல அரைமணியை அவர் எடுத்துக்கிட்டார். சும்மா சொல்லக்கூடாது, அன்னிக்கு அவங்க முகத்துல வந்த சிரிப்பு மொத்தமும் அந்த அரைமணியிலதான் வந்துச்சு. நான் மலை உச்சி வரைக்கும் போட்டு வச்சிருந்த பிளான் அம்போ. ராஜகிரியில பாதிகூட ஏறல.

போறப்ப பெரியவர் என்கிட்ட, "தம்பி யார் வூட்டுப் புள்ள?"ன்னார். சொல்லித் தொலைச்சேன்.

சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழையறேன், அம்மா முறத்தைக் கீழ வச்சுட்டு, "கூத்தாடி வீட்டுப் பொண்ணாமே?" பெரியவர் பெருமையாத்தான் சொல்லியிருக்கார், அது நாலு வாய் மாறி வர்றதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு. எதுவும் ஒளிக்கல, அவங்களே என்கிட்ட சொன்னாங்கன்னேன். அம்மாவுக்குக் கோவம் கூத்து மேலயா, தனக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சது மேலயான்னு புரியல. "நாளைக்கு சொந்தக்காரங்க கேட்டா நான் என்ன சொல்றது?" "சங்கீத வித்வான் பேத்தின்னு சொல்லும்மா." "நக்கலா?" நக்கல் இல்லைங்க. அதே மனுஷன் அதே ராத்திரி பட்டுச் சட்டை போட்டு ஏசி ஹால்ல நாகஸ்வரம் வாசிச்சிருந்தா, அம்மாவே பத்திரிகையில போடச் சொல்லியிருப்பாங்க. மண்ணுத் தரையில, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல வாசிச்சார், அவ்வளவுதான் குத்தம். ராத்திரி பூரா ராஜா பாட்டை ஹெட்போன்ல கேட்டு உருகுற என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். இருபத்தெட்டு வருஷமா பத்து கிலோமீட்டர்ல நடந்த கச்சேரிக்கு நானும் ஒரு தடவைகூட மூணு மணி வரைக்கும் முழிச்சிருந்ததில்ல.

அப்பா "பாக்கலாம்"னார். எங்க அப்பாவோட "பாக்கலாம்" தாலுகா ஆபீஸ் "பாக்கலாம்" மாதிரி, அதுல ரெண்டு மூணு மாசம் ஓடிடும். ஓடிடுச்சு. நடுவுல நாங்க போன்ல பேசுறோம். (மொட்டை மாடியில, தண்ணி டேங்க் பக்கத்துலதான். சிக்னல் அங்கதான் கெடைக்குது, விதி.) அம்மா ஏழாவது ஜாதகத்தை சாமி ரூம்ல வச்சிருக்காங்க, பிரிக்கல.

இந்தச் சித்திரையில அவங்க ஊர்ல திருவிழா. இன்னிக்கு ராத்திரி அர்ச்சுனன் தபசு. தாத்தாவோட பழைய ஜமாதான் ஆடுது, முகவீணைக்கு மட்டும் வேற ஆளு. "மூணு மணிக்கு போன் பண்ணுவேன், எடுத்தா முழிச்சிருக்கீங்கன்னு அர்த்தம்"னு சொல்லியிருக்காங்க. மதியானமே லீவு போட்டுட்டேன். ஆயாகிட்ட தயங்கித் தயங்கிச் சொன்னேன். "எந்த ஜமாடா?"ன்னு கேட்டுட்டு, பதிலுக்குக் காத்திருக்காம வெத்தலைப் பொட்டியை எடுத்து மடியில வச்சுக்கிட்டு திண்ணையில போய் உக்காந்துட்டாங்க. நாலு மணிக்கே. கூத்து ஆரம்பிக்க ராத்திரி பத்தாகும்னா கேக்கல.

அம்மா வர்றேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. இப்பதான் ரூமுக்குள்ள எட்டிப் பார்த்து, "பாய் ஒண்ணு பத்தாது, ரெண்டா எடுத்து வச்சுக்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.